கருவிக்கு மாட்டிய பை

வாங்கிப் பத்து வருஷமான டிவி ரிமோட்டை இன்னும் உறை பிரிக்காமலே அழுத்துகிற குடும்பம் நிர்மலாவுடையது. பைக் சீட்டின் மேல் பாலிதீன் கிழிந்து தொங்கும், எடுக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவளிடம் போய், காற்றை அளக்கும் புத்தம்புதுக் கருவியைக் காட்டி, "அக்கா, பத்திரமா பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள் என்ஜினீயர் பூர்ணிமா. படித்த பிள்ளை, இன்னும் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

உப்பளம் பகுதியில் ஒரு தனியார் சரக்குப் படகுத்துறையில் நிர்மலாவுக்குக் கூட்டிப் பெருக்குகிற வேலை. மதிலுக்கு அந்தப் பக்கம் அவள் வீடு. சரக்குப் படகுகள் கரையில் சும்மா கட்டிக் கிடக்கும்போதுகூட, விளக்குக்கும் ஃபேனுக்குமாகப் பகலெல்லாம் ஜெனரேட்டரை ஓட்டும். கொடியில் காயப்போட்ட வெள்ளைத் துணி சாயங்காலத்துக்குள் கருத்துவிடும். மகள் கவிநிலாவுக்கு ஏழு வயசு. மூச்சிழுப்பு வந்தால் அவளைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு பஸ் பிடிக்க வேண்டும். இப்போதும் மூன்று நாளாய்ப் பள்ளிக்கூடம் போகவில்லை, பக்கத்து வீட்டு மாலாதான் பார்த்துக்கொள்கிறாள்.

மதிலோரம் வைத்த அந்தக் கருவி பதினைந்து நாள் அளக்கும். எண் மோசமாக வந்தால் படகுகள் ஜெனரேட்டரை அணைத்துவிட்டுக் கரையிலிருந்தே கரண்ட் எடுக்க வேண்டும். இது புரிந்த நாளிலிருந்து நிர்மலாவுக்கு அந்தக் கருவி சாமி மாதிரி. வைத்த மறுநாளே துடைத்து, குங்குமம் இட்டு, தூசி போகாமல் பாலிதீன் பை மாட்டி, நூலால் இறுக்கிக் கட்டினாள். தினமும் காலையில் பையின் மேல் படிந்த கரியை மறக்காமல் துடைத்தாள்.

பதினாலாம் நாள் காலை பூர்ணிமா ஆபீசுக்கு வந்தாள். கருவிப் பக்கம் போகவில்லை. எண்ணெல்லாம் போனுக்கே வந்துவிடுகிறதே! துறையை எடுத்து நடத்தும் காண்ட்ராக்டர் கோவிந்தசாமியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"இங்க காத்து நல்லாத்தான் இருக்கு சார். மொத நாள் மட்டும் எகிறிப் போச்சு, புதுசா வச்சா அப்டித்தான். கரை கரண்ட் வேணாம்னு மத்தியானம் ரிப்போர்ட் அனுப்பிடுறேன்."

வாசலில் பெருக்கிக்கொண்டிருந்த நிர்மலாவுக்குத் துடைப்பம் நின்றது. நல்ல காற்றா? யாருக்கு? மொத நாள் மட்டும் என்றாளே. ரெண்டாம் நாள்தானே பையை மாட்டினோம்?

பையைக் கழற்றி எறிந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் ரிப்போர்ட் போய்விடும். சொன்னால் வேலை போய்விடும். பெருக்கிய இடத்தையே மூன்று தரம் பெருக்கினாள். தண்ணீர் குடித்தாள். மதில்வரை போனாள், திரும்பினாள், மறுபடி போனாள். மணி பதினொன்றரை. தன்மேலேயே வந்த ஆத்திரத்தில் கண் எரிந்தது.

நூலைப் பல்லால் கடித்து அறுத்து, பையைக் கொண்டுபோய்ப் பூர்ணிமாவுக்கு முன்னால் மேசையில் வைத்தாள்.

"நான்தாம்மா கட்டுனேன். தூசி படக்கூடாதேன்னு."

பூர்ணிமாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு முகம் வெளுத்தது. "இத்தினி நாளும் உள்ள காத்தே போவலையேக்கா! நானும் ஒருதரம் வந்து பாக்கல பாருங்க. இத எழுதிக் குடுங்க. மறுபடி மொதல்லேருந்து பதினஞ்சு நாள் அளந்துடலாம்."

"எழுதிக் குடுத்துட்டு அப்டியே வூட்டுக்குப் போயிடு" என்றார் கோவிந்தசாமி. "நாளைலேருந்து வராத."

"சார், அவங்க தெரியாம..." என்று பூர்ணிமா எழுந்தாள். நிர்மலா அதற்குள் பேனாவை வாங்கி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

வெளியே வந்து கருவியின் முன்னால் நின்றாள். ஒரு படகு கரும்புகையைக் கக்கியது. எண் எழுபது, நூற்றுப்பத்து, நூற்றெண்பது என்று ஏறியது. "ஏறு, ஏறு" என்றாள் வாய்விட்டு. எத்தனையோ நாளுக்கப்புறம் மனசு குளிர்ந்தது. அப்போது மதிலுக்கு அந்தப் பக்கம் கவிநிலா இருமத் தொடங்கினாள். நிர்மலா நின்ற இடத்திலேயே கண்ணை மூடி, இன்னும் பதினைந்து நாளைக்கு இந்தப் புகை குறையவே கூடாது என்று, பெற்ற மகளுக்காக வேண்டிக்கொண்டாள்.