ஸ்கேனில் ஏதாவது தெரியணும்

நோய் இருக்கக்கூடாது என்றுதான் உலகத்தில் எல்லாரும் ஜெபிப்பார்கள். சாராளோ, ஸ்கேனில் ஏதாவது தெரியணும் ஆண்டவரே என்று உருகிக்கொண்டிருந்தாள். தெரியாவிட்டால் வேலை போய்விடும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் கார் ஒயர் சொருகும் லைனில் வேலை அவளுக்கு. காலையில் விரல்கள் மடங்கவே மடங்காது. எக்ஸ்ரேயில் எலும்பு சுத்தமாக இருந்தது. அது போதாதா சூப்பர்வைசர் பூவராகவனுக்கு?

"இன்னா சாராளு, ஆக்டிங்கா? ஸ்கேன்ல வீக்கம் தெரிஞ்சா செக்கிங்ல ஒக்கார வெக்கிறேன். இல்லன்னா வேலைய வுட்டு நின்னுக்கோ" என்று சொல்லிவிட்டார்.

ஸ்கேனுக்கு முந்தின சாயங்காலம் பக்கத்து வீட்டு பிரின்சி அக்கா ஜெபக்குழுவைத் திரட்டிக்கொண்டு வந்துவிட்டாள். சாராளின் விரல்களில் எண்ணெய் பூசி, "நாளைக்கு ஸ்கேன்ல ஒண்ணுமே தெரியக்கூடாது ஆண்டவரே!" என்று ஒரே முழக்கம். பிரின்சி ஜெபித்தால் பலிக்கும் என்று தெருவில் பேர் வேறு. சாராளோ, ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் இருமிச் சமாளித்தாள்.

விடிந்ததும் பார்த்தால் விரல்கள் கொஞ்சம் மடங்கின! அடிப்பாவி, கெடுத்துட்டியே என்று பஸ்ஸில் வழியெல்லாம் பிரின்சியைத் திட்டிக்கொண்டே போனாள்.

டாக்டர் நந்தினி விரல் மூட்டுகளில் ஜெல் தடவி, கருவியை மெல்ல நகர்த்தினார். சாம்பல் நிறத் திரையில் சட்டென்று சிவப்பு தெரிந்தது.

"மூட்டுச் சவ்வு வீங்கியிருக்கு. சிவப்பா தெரியிறது ரத்த ஓட்டம். முடக்குவாதம்மா. ஆரம்பத்துல எக்ஸ்ரேல தெரியாது."

"நெஜமாவே கீதுங்களா டாக்டர்? ஸ்தோத்திரம்!"

டாக்டர் திடுக்கிட்டார். "சந்தோஷப்படுற வியாதி இல்லம்மா இது. வருஷக்கணக்கா மாத்திரை சாப்பிடணும்."

அப்போதுதான் சாராளுக்கு உறைத்தது. ஜெல்லைத் துடைக்கக் கொடுத்த துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் ரிப்போர்ட்டைப் பூவராகவன் மேசையில் வைத்தாள். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கத்தான் வந்திருந்தாள். அவர் படத்தையே உற்றுப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து தன் வலது கையை மேசைமேல் நீட்டினார். மூட்டுகள் உப்பியிருந்தன.

"காலைல சட்டை பட்டன் போட முடில. ஊட்டுக்காரிதான் போட்டு உடுறா. எனக்கு இது இருக்காதுல்ல, சாராளு?"

சாராள் ரிப்போர்ட்டில் இருந்த டாக்டர் பெயரைத் தொட்டுக் காட்டினாள்.

"நாளைக்கே போய்க் காட்டுங்க சார்."

"உனுக்கு செக்கிங் போட்டுர்றேன்" என்றார் பூவராகவன், கையைப் பாக்கெட்டுக்குள் மறைத்துக்கொண்டு. "மேல இருக்கறவங்ககிட்ட மட்டும் சொல்லிராதம்மா. எனக்கு வலின்னா எவன் நம்புவான்?"