வாலுவின் இடது கால்

என் அக்காவுக்கு நேராகப் பேசத் தெரியாது. மழை பெய்கிறது என்று சொல்ல மாட்டாள், வானம் பொத்துக்கொண்டது என்பாள். எழுதுவதும் அப்படித்தான். அவள் எழுதிய சிறுவர் கதைகளுக்கெல்லாம் நான்தான் படம் வரைந்தேன். அவள் எழுத்து, என் தூரிகை. நடுவில் மூன்றாவது ஆளை நாங்கள் விட்டதே இல்லை.

போன வருடம் என் வலது கட்டைவிரல் மரத்துப்போனது. தூரிகையைப் பிடித்தால் நழுவியது. நழுவாவிட்டாலும் கோடு தன் இஷ்டத்துக்கு ஓடியது. நரம்புக் கோளாறு, மெதுவாகத்தான் சரியாகும், சரியாகாமலும் போகலாம் என்றார் டாக்டர். ஏதோ ஜலதோஷத்தைப் பற்றிச் சொல்வது போல அவர் அதைச் சொன்னதில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்க கையா இருந்தா இப்படிச் சொல்லுவீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா புதுக் கதையை முடித்து எனக்கு அனுப்பியிருந்தாள். வாலு என்ற பொல்லாத பையன், அம்மாவுக்குப் பிடித்த கோப்பையை உடைத்துவிட்டு நாள் முழுக்கப் பிடிபடாமல் ஓடும் கதை. வேறு ஓவியரைப் பார்க்கலாமா என்று பதிப்பகத்து அம்மாள் கேட்டதற்கு அக்கா முடியவே முடியாது என்றுவிட்டாள். சொன்னால் படம் போட்டுத் தரும் மெஷின் வந்திருக்கிறதே, அதை வைத்துச் செய்யட்டுமா என்று நான் போனில் கேட்டேன்.

"மெஷினா? அது என்ன என் தங்கச்சியா? அதுகிட்ட குடுக்கறதுக்குப் பேசாம கதைய பூட்டி வச்சுடுவேன்."

"எனக்குக் கை வராதுக்கா."

"வரும்போது வரட்டும். வரலைன்னா, போட்ட புத்தகமெல்லாம் போதும்."

போதும் என்ற சொல் என்னைச் சுட்டது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்கிற காரியம் இது ஒன்றுதான். இதுவும் போனால் போனில் முட்டி வலியைப் பற்றிப் பேசிக்கொண்டு கிடப்போம். எனக்கு அது போதாது.

அதனால் அவளுக்குச் சொல்லாமலே ஆரம்பித்தேன். என் மகள் கம்ப்யூட்டரில் அந்த மெஷினை ஏற்றி, என் பழைய படங்களையும் ஸ்கேன் செய்து அதற்கு ஊட்டிவிட்டாள். "இனிமே நீ வாயால சொன்னா போதும்மா, உன் பாணியிலயே வரையும்," என்று சொல்லிவிட்டு ஆபீஸுக்குப் போனாள்.

நான் அக்காவின் கதையை வரி பிசகாமல் அதற்குப் படித்துக் காட்டினேன். வினை அங்கேதான் வந்தது.

வாலு என்றதும் பையனுக்கு ஒரு வால் வைத்தது. சரி, போகட்டும். 'வாலு கம்பி நீட்டினான்' என்று படித்தேன். ஓடிப்போனான் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும், அதற்குத் தெரியவில்லை. பையன் ஒரு நீளமான இரும்புக் கம்பியை ஜன்னல் வழியாகத் தெருவுக்கு நீட்டிக்கொண்டு நின்றான். தெருவில் போன ஒருவர் அதில் தன் ஈரச் சட்டையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். 'அம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது' என்றேன். அம்மாவின் மூக்கின்மேல் இன்னொரு குட்டி அம்மா, சிவந்த முகத்தோடு இடுப்பில் கைவைத்து நின்றாள். 'அப்பா முகத்தில் ஈயாடவில்லை' என்றதற்கு அப்பாவின் முகம் நிறைய ஈக்கள். ஒன்றும் ஆடவில்லை, எல்லாம் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன.

முதலில் கத்தினேன். பிறகு வயிறு வலிக்கச் சிரித்தேன். கை மரத்த நாளிலிருந்து நான் அப்படிச் சிரித்ததே இல்லை.

சிரித்து முடித்ததும் உள்ளே இருந்த ஓவியக்காரி எழுந்து உட்கார்ந்தாள். கதையில் ஒரு சொல்லையும் மாற்றாமல், படம் மட்டும் சொன்னதை அப்படியே நம்பினால் என்ன? குழந்தைகளும் அப்படித்தானே நம்புகிறார்கள்! அன்றையிலிருந்து வாயால் வரைய ஆரம்பித்தேன். குட்டி அம்மாவைச் சின்னதாக்கு, வெளிச்சம் இடது ஜன்னலிலிருந்து வரட்டும், சுவருக்குப் பால் தூக்கலான டீயின் நிறம் கொடு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அது தந்ததில் முக்கால்வாசியைத் தள்ளினேன். கையால் வரைந்த காலத்திலும் நான் கிழித்துப் போட்டதுதான் அதிகம். எதைக் கிழிப்பது என்பது கட்டைவிரலுக்குத் தெரிந்த விஷயமில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சந்தோஷமாக இருந்தது.

வாலுவின் கால் மட்டும் ஒத்துவரவில்லை. நான் வரையும் எல்லோருக்கும் இடது பாதம் கொஞ்சம் உள்பக்கம் திரும்பியிருக்கும். ராஜாவோ திருடனோ கரடியோ, யாருக்கும் விலக்கில்லை. சின்ன வயதில் நான் பார்த்து வரைவதற்கு அசையாமல் நின்றவள் அக்கா ஒருத்திதான், அவளுடைய இடது கால் அப்படித்தான் நிற்கும். நிற்பது என்றாலே அப்படித்தான் என்று என் கை பழகிவிட்டது. இதை நான் அவளிடம் சொன்னதில்லை. "காலை நேரா வை" என்று எங்கள் அம்மா நாலு பேர் முன்னால் அதட்டி அதட்டி, அக்கா இன்றைக்கும் தரையைக் கூட்டும் நீளத்தில்தான் உடை உடுத்துகிறாள்.

என் படங்களை அவ்வளவு விழுங்கியும் மெஷின் அந்தக் காலைப் பிழை என்று முடிவு கட்டிவிட்டது போலிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் நேராக்கிக் கொடுத்தது. இடது பாதத்தைத் திருப்பு என்றால் இரண்டையும் திருப்பியது. மறுபடி சொன்னால் முட்டியையும் சேர்த்து முறுக்கியது. ஒரு தடவை காலில் அடி என்று நினைத்து ஊன்றுகோல் வேறு கொடுத்தது. எனக்கு வந்த கோபத்துக்கு என் மூக்கின்மேல் நாலு குட்டி அம்மாக்கள் நின்றிருப்பார்கள். கடைசியில் இடது கையால் பென்சிலைப் பிடித்து, அந்தப் பாதத்தை மட்டும் கோணல்மாணலாக வரைந்து, "இப்படி" என்று அதற்குக் காட்டினேன். பிடித்துக்கொண்டது. அப்புறம் எல்லாப் படத்திலும் அந்தக் கால் வந்தது.

என் மகளுக்கு ஓட்டை வாய், பெரியம்மாவிடம் உளறிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா வந்து நின்றாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"எனக்குத் தெரியாம என் கதைய அதுகிட்ட குடுத்தியாமே?"

"குடுத்தேன். பாத்துட்டுத் திட்டுக்கா."

"நல்லா இருந்தாலும் வேண்டாம். நல்லா இருக்கணும்னுதானா நான் உன்கூட புத்தகம் போட்டேன்?"

படங்களை அச்செடுத்து மேஜையில் பரப்பி வைத்திருந்தேன். அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு டீ போடப் போனேன்.

தண்ணீர் கொதிக்கும்போது அங்கிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. அடக்கப் பார்த்து அடங்காத சிரிப்பு. "அடியே, சட்டைய காயப்போடறான்டி இவன்!" என்றாள். கோப்பைகளோடு போனபோது அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு படத்தைக் கண்ணருகே வைத்திருந்தாள்.

"கால் ஏன் இப்படி இருக்கு? மெஷின் தப்பு பண்ணிடுச்சா?"

"மெஷின் நேராத்தான் போட்டுச்சு. நான்தான் விடல."

"ஏன்?"

"நான் போடற கால் எல்லாம் அப்படித்தான்கா. நீ நிக்கற மாதிரி."

அவள் எழுந்து அலமாரிக்குப் போனாள். எங்கள் பழைய புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்தாள். ராஜாவின் காலைப் பார்த்தாள், திருடனின் காலைப் பார்த்தாள். இத்தனை காலமும் அவள் தன் எழுத்தைத்தான் பார்த்திருக்கிறாள் போலும். பிறகு உடையைக் கொஞ்சம் தூக்கிக் குனிந்து தன் காலைப் பார்த்தாள். அது வழக்கம்போல உள்ளே திரும்பி நின்றது.

"இத்தனை வருஷமா என் தலையில மிளகா அரைச்சிருக்கே," என்றாள்.

"அரைச்சேன்."

"கரடிக்குக் கூடவா?"

"கரடிக்கும்தான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். இதனிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டாள். சும்மா பேசு என்றேன்.

"இந்தா பாரு, தங்கச்சிக்காரி அக்கா தலையில மிளகா அரைக்கறா. ரெண்டு பேரும் சிரிக்கறாங்க. காலை மட்டும் நேராக்கினே, தெரியும் சேதி!"

படம் வந்தது. அக்காவின் தலைமேல் ஓர் அம்மி, பின்னால் முக்காலியில் ஏறி நின்று நான் அரைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேருக்கும் இடது பாதம் உள்ளே திரும்பியிருந்தது.

"உனக்குமாடி?" என்றாள் அக்கா.

ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள். பிறகு கைப்பையைத் திறந்து, மடித்த தாள்கள் சிலவற்றை எடுத்து என் பக்கம் தள்ளினாள்.

"அடுத்த கதை. பாதிதான் எழுதியிருக்கேன்," என்றாள். "போதும்னு சொன்ன அன்னிக்கே ஆரம்பிச்சேன்."