எழும்பாத கோடு

திண்டிவனம் அரசு மருத்துவமனையில், உடைந்த கட்டில்களைப் போட்டு வைத்திருந்த ஓர் அறையைக் காலி செய்து நாசியாவுக்குக் கொடுத்திருந்தார்கள். மின்விசிறி உண்டு, ஏசி கிடையாது. அதுதான் வேண்டும் என்று அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். மேசைமேல் அவளுடைய பெட்டி இருந்தது. டிபன் கேரியரைவிடக் கொஞ்சம் பெரியது. எச்ஐவி உள்ள ஒருவரின் ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அது கணக்கிட்டுச் சொல்லும்.

வழக்கமாக அந்தப் பரிசோதனைக்கு ரத்தம் ஐஸ் பெட்டியில் சென்னைக்குப் போகும். முடிவு திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். நாசியா கோட்டக்குப்பத்துப் பெண். சென்னையில் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் நாலைந்து பேரோடு சேர்ந்து, சின்ன ஆஸ்பத்திரிகூட வாங்கக்கூடிய விலையில் இந்தப் பெட்டியைச் செய்திருந்தாள். சில சொட்டு ரத்தம் விட்டால் போதும், ஆள் காத்திருக்கும்போதே முடிவு வந்துவிடும். வைரஸ் இருந்தால் திரையில் ஒரு கோடு குன்றுபோல எழும்பும். இல்லாவிட்டால் தரையோடு படுத்துக் கிடக்கும்.

வந்து ஒன்றரை மாதமாகக் கோடு படுத்தேதான் கிடந்தது.

"இன்னிக்கும் எழும்பலியா மேடம்?" என்று கேட்டுக்கொண்டே சவுரியம்மாள் உள்ளே வந்தாள். எச்ஐவி உள்ளவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்து, மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார்களா என்று விசாரிப்பது அவள் வேலை. அவளும் பல வருஷமாக அதே மாத்திரையைப் போடுகிறவள்தான். யாரிடமும் அதை ஒளித்ததில்லை.

"எல்லாருக்கும் ஜீரோக்கா," என்றாள் நாசியா. முகம் வாடியிருந்தது. "சென்னைக்கு அனுப்பினதுலயும் ஜீரோதான். எங்க லேப்ல கலக்கி வெச்ச சாம்பிள்ல நல்லா எழும்புது. ஆனா மனுஷங்க ரத்தத்துல எழும்பிக் காட்டணும் இல்லியா? நிறைய வைரஸ் இருக்கிற ரத்தம், கொஞ்சமா இருக்கிறது, நடுவுல இருக்கிறது, எல்லாம் வேணும். இப்படியே போனா வேற மாவட்டத்துக்குப் போங்கன்னு சொல்லிடுவாங்க."

சவுரியம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதலில் தோள் குலுங்கியது. பிறகு வாய்விட்டே சிரித்தாள்.

"நாங்க எல்லாம் ஒழுங்கா மாத்திரை போட்டுக்கினு நல்லா இருக்கோம். அது உங்களுக்குப் பேஜாரா இருக்குதா?"

நாசியாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எவ்வளவு நல்ல சேதிக்கு எவ்வளவு வாடிய முகம்.

"மாத்திரைய நிறுத்திட்டுக் காணாமப் போனவங்க கொஞ்சம் பேரு இருக்காங்க," என்றாள் சவுரியம்மாள். "நான் அவங்களத் தேடிக்கினுதான் இருக்கேன். ஆனா ஒண்ணு மேடம். உங்களுக்கு ரத்தம் வேணும்னு யாரையும் கூப்பிட மாட்டேன். மாத்திரைக்குத்தான் கூப்பிடுவேன். வந்தப்புறம் நீங்க கேட்டுக்கங்க. முடியாதுன்னா விட்டுடணும்."

"சரிக்கா," என்றாள் நாசியா. அது நியாயமாகத்தான் பட்டது.

அடுத்த வாரம் சவுரியம்மாள் கூட்டிக்கொண்டு வந்தவர் கோதண்டபாணி. பிரம்மதேசத்துக்காரர். நெல் அறுக்கும் இயந்திரம் ஓட்டுகிறவர். அறுப்பு எங்கே நடக்கிறதோ அங்கே வண்டியோடு போய்விடுவார். கூடவே அவர் மனைவி அன்புச்செல்வியும் வந்திருந்தாள்.

"ஆந்திரா பக்கம் அறுப்புக்குப் போனேங்க," என்றார் கோதண்டபாணி, தரையைப் பார்த்தபடி. "எடுத்துக்கினு போன மாத்திரை தீந்துபோச்சு. உடம்பு நல்லாத்தான இருக்குதுன்னு உட்டுட்டேன். திரும்பி வந்தப்புறம் இங்க வர வெக்கமா இருந்துச்சு. திட்டுவாங்களோன்னு."

"யாரும் திட்டல இல்ல?" என்றாள் சவுரியம்மாள்.

"இவதான் திட்டினா," என்று மனைவியைக் காட்டினார்.

டாக்டர் அவரைப் பரிசோதித்து மாத்திரையை மறுபடி எழுதிக் கொடுத்த பிறகு, நாசியா தன் பெட்டியைப் பற்றி விளக்கினாள். இது இன்னும் சோதனையில்தான் இருக்கிறது. சென்னை முடிவை வைத்துத்தான் டாக்டர் வைத்தியம் செய்வார். பெட்டி காட்டும் எண்ணை உங்களிடம் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. விருப்பம் இல்லையென்றால் தாராளமாகப் போகலாம். கோதண்டபாணி பெட்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கையை நீட்டினார்.

அவரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு நாசியா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகு நேரம் ஒன்றும் இல்லை. பிறகு கோடு லேசாகத் தலை தூக்கியது. தூக்கிய தலை கீழே விழவில்லை. அப்படியே செங்குத்தாக ஏறியது. ஒரு லட்சத்துக்கும் மேல். நாசியா இரண்டு கையையும் இறுக்கி மேசையில் தட்டினாள். கன்னம் வலிக்கும் அளவுக்கு வாய் விரிந்துவிட்டது.

"நல்ல சேதியாம்மா?"

அன்புச்செல்வி வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. அவள் முகத்திலும் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. நாசியாவின் முகத்தைப் பார்த்து வந்த சிரிப்பு அது.

எண்ணைச் சொல்லக் கூடாது என்று விதி இருந்தது. முகத்தை என்ன செய்வது என்று எந்த விதியிலும் இல்லை.

"எங்க மிஷின் வேலை செய்யுதுங்க," என்றாள் மெதுவாக. "அதுக்குத்தான் சிரிச்சேன். உங்க வீட்டுக்காரருக்கு நல்ல சேதின்னு சிரிக்கல. மன்னிச்சிக்கங்க."

அன்புச்செல்வியின் சிரிப்பு அடங்கியது. "அப்ப நிறைய இருக்குது."

நாசியா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்புச்செல்வி உள்ளே வந்து உட்கார்ந்தாள். அழுவாள் என்று நாசியா நினைத்தாள். அவள் அழவில்லை.

"எனக்கு இங்கயே டெஸ்ட் பாத்துட்டாங்க, எனக்கு இல்ல. இவருக்கு எப்ப எறங்கும், அதச் சொல்லுங்க."

"மாத்திரைய விடாமப் போட்டா ஜல்தி எறங்கிடும்."

"எறங்குதுன்னு எப்படித் தெரியும்? சென்னைல இருந்து வர்ற வரைக்கும் நான் என்னா நெனச்சிக்கினு இருக்கறது?"

அன்று இரவு கோட்டக்குப்பம் போகும் பேருந்தில் அந்தக் கேள்வி நாசியாவோடு உட்கார்ந்து வந்தது. இறங்குவதற்குள் அவளுக்கு வழி புரிந்துவிட்டது. ஒரே ஆளை வாராவாரம் பரிசோதித்தால், எண் மேலிருந்து கீழே இறங்கும் ஒவ்வொரு படியும் கிடைக்கும். நிறைய, நடுவில், கொஞ்சம் என்று ஆய்வுக்கு வேண்டிய அத்தனையும் அதில் வந்துவிடும். அவர்களுக்கும் மனம் ஆறும். மறுநாளே ஆய்வை மேற்பார்க்கும் குழுவுக்கு எழுதினாள். வாராவாரம் பார்க்கவும், முடிவை அவரிடமே காட்டவும் அனுமதி கேட்டாள். இரண்டும் கிடைத்தன.

கோதண்டபாணி ஒத்துக்கொண்டார். அவரைப் பார்த்து, சவுரியம்மாள் தேடிப் பிடித்த இன்னும் சிலரும் ஒத்துக்கொண்டார்கள். அறை வாசல் பெஞ்சில் இப்போது இடம் போதவில்லை. எண்கள் லட்சத்திலிருந்து ஆயிரங்களுக்கு இறங்கின. சென்னையிலிருந்து வந்த முடிவுகளை நாசியா பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒட்டியே போயின.

சித்திரை வெயிலில் ஒரு வாரம் கோதண்டபாணி வரவில்லை. போன் செய்தால், பனமலையில் அறுப்பு, வண்டியை விட்டு வர முடியாது என்றார். எண் ஆயிரத்துக்குப் பக்கத்தில் வந்திருக்கும் நேரம் அது. மாத்திரை வேலை செய்கிறதா என்று டாக்டர்கள் முடிவெடுக்கும் இடம். அதைத் தவறவிட நாசியாவுக்கு மனசில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு சவுரியம்மாளோடு பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் மாறிப் போனாள்.

ஏரிக்குப் பக்கத்து வயலில், வரப்போரம் கோதண்டபாணியின் விரலில் ஊசி குத்தி, பெட்டிக்கு ரத்தம் விட்டாள். சென்னைக்கு அனுப்ப ரத்தக்குழாயிலிருந்தும் எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்தாள். அப்படி எடுக்க முறையாகக் கற்றிருந்தாள். ஆனால் பெட்டி ஓட மறுத்தது. வெப்பம் அதிகம் என்று திரையில் எழுத்து மின்னியது. வேப்பமர நிழலில் வைத்தாள், ஈரத்துணி போட்டாள். மறுபடி அதே எழுத்து.

"கேபின்ல ஏசி இருக்குதுங்க, அங்க வைக்கலாமா?" என்றார் கோதண்டபாணி.

ஏசி இல்லாத இடத்துக்கென்றே செய்த பெட்டியை அறுப்பு இயந்திரத்தின் ஏசி கேபினில் ஏற்றி மடியில் வைத்துக்கொண்டபோது, நாசியாவுக்குத் தன்னை நினைத்தே சிரிப்பு வந்தது.

வண்டி நகராமல் இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்து வயல்காரர் முத்துசாமி வந்துவிட்டார். "என்னா நடக்குது அங்க?"

"டிரைவருக்கு டெஸ்ட் எடுக்கறாங்க அண்ணே," என்றாள் சவுரியம்மாள் நிதானமாக. "சக்கரை கிக்கரை இருந்து ஓட்டறப்ப மயக்கம் வந்துட்டா உங்க வயலுக்குத்தான நஷ்டம்? உங்களுக்கும் பாக்கட்டுமா?"

அவள் பையில் சர்க்கரை பார்க்கும் சின்னக் கருவி எப்போதும் இருக்கும். இந்த மாதிரிக் கேள்விகளுக்கென்றே வைத்திருந்தாள். முத்துசாமிக்குச் சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்தது. அவர் அறுப்பை மறந்து வரப்பில் உட்கார்ந்து, கேப்பைக் கூழ் குடிக்கலாமா, மாம்பழம் தின்னலாமா என்று கேட்க ஆரம்பித்தார். மூட்டை தூக்க வந்தவர்களும் விரலை நீட்டிக்கொண்டு அவருக்குப் பின்னால் வந்து நின்றார்கள்.

கேபினுக்குள் குளிராக இருந்தது. கோதண்டபாணி கண்ணைத் திரையைவிட்டு எடுக்கவில்லை. வெகு நேரம் கழித்துக் கோடு எழுந்தது. சோம்பலாக, பாதி வழியில் நின்றுவிட்டது.

"போன வாரம் இன்னும் ஒசரமா இருந்துச்சு இல்லீங்களா?"

"ஆமாங்க. நல்லா எறங்கியிருக்குது."

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்தார். "அன்புக்கு அனுப்பறேன். அவ வீட்ல இதுக்காகவே உக்காந்துக்கினு இருப்பா." அனுப்பியதும் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டு, "நான் ஓட்டலாங்களா? சாயங்காலத்துக்குள்ள இந்தக் காணிய முடிச்சிக் குடுக்கணும்," என்றார்.

வைகாசியில் அவருடைய கோடு எழும்பவே இல்லை. சென்னை முடிவும் அதையே சொன்னது. நாசியா அதை மற்ற முடிவுகளோடு சேர்த்து மேற்பார்வைக் குழுவுக்கு அனுப்பிவைத்தாள். பனமலை வெயிலைப் பற்றியும் ஒளிக்காமல் எழுதினாள். பெட்டிக்கு அடியில் ஒரு சின்ன விசிறி வைக்க வேண்டும், அதனால் விலை ஏறிவிடக் கூடாது என்று அவளுக்கு அடுத்த வேலை வந்தது. ஆய்வைத் திண்டிவனத்திலேயே தொடரலாம் என்று பதிலும் வந்தது.

அந்தப் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலையைப் பறிக்கும் காலத்தில் அன்புச்செல்வி ஒரு தூக்குச் சட்டி நிறைய அவித்து எடுத்துக்கொண்டு வந்தாள். கோதண்டபாணி மறுபடி ஆந்திராவுக்கு, நெல்லூர்ப் பக்கம் அறுப்புக்குப் போயிருந்தார். அவளும் நாசியாவும் சவுரியம்மாளும் உரித்துத் தின்றுகொண்டிருந்தபோது அன்புச்செல்வியின் போன் அடித்தது. ஒலிபெருக்கியைப் போட்டு மேசையில் வைத்தாள்.

"இங்க ஆஸ்பத்திரில திண்டிவனத்து மாத்திரை அட்டையக் காட்டினேன்," என்றது கோதண்டபாணியின் குரல். பின்னால் இன்ஜின் இரைந்தது. "யாரும் ஒரு வார்த்தை திட்டல. மாத்திரையக் குடுத்துட்டாங்க. சவுரியக்கா கிட்டச் சொல்லிடு."

"நானே இங்கதான் இருக்கேன்," என்றாள் சவுரியம்மாள், வாய் நிறைய மல்லாட்டையோடு. "சாப்ட்டியாப்பா?"