எதிர்க்கரையில் இரண்டு நாள்

"எல்லாமே பக்கம்தான் மேடம். துறைமுகம் அஞ்சு நிமிஷம், மியூசியம் ஏழு நிமிஷம், கடைத்தெரு வாசல்லயே இருக்கு." ஓட்டல் வரவேற்பு மேசையிலிருந்த பெண் ஹாலிஃபாக்ஸ் வரைபடத்தில் வட்டம் வட்டமாகப் போட்டுக்கொண்டே போனாள். நார்மா தலையை ஆட்டினாள். நானும் இந்த ஊர்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒரு கட்டிலும், உள்ளே தாழிட்டுக்கொள்ள ஒரு கதவும்தான்.

ஒன்பதாம் மாடி அறை. ஜன்னலுக்குக் கீழே தண்ணீர்; தண்ணீருக்கு அந்தப் பக்கம், படகில் பன்னிரண்டு நிமிடத்தில், அவள் வீடு. கணவன் வாலஸுக்குப் பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்து பதினான்கு மாதமாகிறது. வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. இரவில் மூன்று முறை எழுந்து அவனைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். இப்போது அவன் அக்கா வெர்னா இரண்டு நாள் வந்திருக்கிறாள். மூன்று மணி நேரம் தள்ளியிருக்கும் மாங்க்டனில் சிநேகிதி ஜோனுக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டு நார்மா கிளம்பிவிட்டாள். சாகக் கிடக்கும் சிநேகிதிக்காகப் போகலாம். தூங்கப் போகிறேன் என்று எந்த மனைவி சொல்வாள்?

அன்றிரவும் உடம்பு பழக்கத்தில் மூன்று முறை எழுந்தது. விடிந்தபின்தான் கண்ணயர்ந்தாள். விழித்ததும் வீட்டுக்குப் போன் செய்தாள்.

"மாங்க்டன் எப்படி?" என்றான் வாலஸ்.

"நசநசன்னு மழை. சாப்பிட்டியா?"

"அக்கா மீன் வடை பண்ணா. செருப்புக்கு அடித்தோலா தைக்கலாம்."

நார்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பின் நடுவே, ஓட்டலுக்குப் பின்னாலிருக்கும் கோட்டையில் நண்பகல் பீரங்கி வெடித்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தினம் பன்னிரண்டு மணிக்கு வெடிப்பதுதான். புதிதாக வந்தவர்கள்தான் துள்ளுவார்கள்; ஊர்க்காரர்களின் காதில் அது விழுவதே இல்லை. அதனால்தான் மணியைப் பார்க்கத் தோன்றவில்லை அவளுக்கு.

போனுக்குள்ளும் அது கேட்டுவிட்டது.

"மாங்க்டன்லயும் பீரங்கி வாங்கிட்டாங்களா?" என்றான் வாலஸ்.

"வாலஸ்..."

"கூட யாராவது இருக்காங்களா?"

அவன் குரல் அவ்வளவு சின்னதாகி அவள் கேட்டதில்லை.

"யாருமில்ல. தூங்கத்தான் வந்தேன்."

"தூங்கினியா?"

"சரியா இல்ல."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே, மடச்சி. சரி, அக்கா கேட்டா மாங்க்டன்ல மழைன்னு சொல்லிக்கறேன். நாளைக்குத்தானே வரணும்? படு."

அவன் கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பாள், அது சுலபம். இப்போதே கிளம்பினால் அடுத்த படகைப் பிடித்துவிடலாம். செருப்புக்குக் காலை நீட்டினாள். வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு காலை இழுத்துக்கொண்டு, குற்றவுணர்வோடேயே, படுத்தாள்.