நான்கு விநாடி

ஃப்ரீசர் பெட்டியின் முன்சக்கரம் வயரில் சிக்கிக்கொண்டது. இழுத்தால் வந்துவிடும் என்று நினைத்து, கொண்டுவந்த ஆள் ஓர் இழுப்பு இழுத்தார். வாசல் பக்கத்துச் சுவரில் இருந்த ரௌட்டரிலிருந்து வயர் கழன்று தரையில் விழுந்தது.

உத்தமன் கையிலிருந்த வெள்ளைத் துணியைப் போட்டுவிட்டுப் பாய்ந்தான். மனைவியின் உடல் கிடக்கும் கூடத்தில் ஒருவன் அப்படிப் பாய்ந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் பதறி எழுந்தே விட்டார்கள். அவன் மண்டியிட்டு, வயரின் முனையைத் தேடியெடுத்து, ரௌட்டரில் சரியாகப் போய் உட்காரும்வரை அழுத்தினான். பிறகுதான் திரும்பி, ஜன்னலோர மேசையில் இருந்த கணினித் திரையைப் பார்த்தான்.

கறுப்புத் திரையில் விநாடிக்கு ஒரு வரி ஏறிக்கொண்டிருந்தது. நடுவில் நான்கு வரிகளுக்குப் பதில் வரவில்லை. ஐந்தாவதிலிருந்து மறுபடி பதில் வர ஆரம்பித்திருந்தது. மணி காலை எட்டு இருபத்திரண்டு.

"நோட்லில்ல சார், சாரி," என்றார் பெட்டிக்காரர். பார்க்கவில்லையாம். பிறகு ப்ளக் எங்கே என்று கன்னடத்தில் கேட்டார். பெரிய ப்ளக் கூடத்தில் ஒன்றுதான் இருந்தது, அதில் கணினியின் யுபிஎஸ் இருந்தது. உத்தமன் சமையலறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் கொண்டுவந்து பெட்டிக்கு அதில் இணைப்புக் கொடுத்தான். பெட்டியைச் சுற்றிப் போய்க்கொள்ளலாம், வயர் மேல் யாரும் கால் வைக்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொன்னான். துக்க வீட்டில் முதல் வார்த்தையாக இதைச் சொல்லும் மனிதனை அவர்கள் அன்றுதான் பார்த்தார்கள்.

பிரபா காலை ஆறு இருபதுக்குப் போய்விட்டாள். நாற்பத்தேழு வயது. கணையத்தில் வந்த நோய், எட்டு மாதம். கடைசி இரண்டு மாதமாகக் கட்டில் கூடத்துக்கு வந்துவிட்டது, மேசையும் கட்டிலோரம் நகர்ந்துவிட்டது. வைஃபையை நம்ப மாட்டாள். அதனால்தான் அந்த வயர் கூடத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு தரையில் கிடந்தது.

பகலில் கம்பெனி வேலை. மாலையில், சம்பளமில்லாமல், பதினேழு வருடமாக அவள் செய்தது இன்னொரு வேலை. கறுப்புத் திரையில் கட்டளை அடித்து ஓட்டுகிற சின்னச் சின்ன நெட்வொர்க் கருவிகள், எல்லாம் சி மொழியில் எழுதியவை. அவற்றில் கோளாறு வந்தால் சரிசெய்வாள், வராதபோது இன்னும் நன்றாக ஓட வைப்பாள். உலகத்தில் யார் யாரோ அவற்றை இலவசமாக எடுத்துப் பயன்படுத்தினார்கள். அதில் ஒன்று, தூரத்துக் கணினி ஒன்றின் கதவை விநாடிக்கு ஒரு முறை தட்டும். பதில் எவ்வளவு நேரத்தில் வந்தது, எத்தனை பதில் வராமல் போனது என்று கணக்குச் சொல்லும். லைன் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க அது போதும்.

மூன்று வாரத்துக்கு முன் அத்திபெலேயிலிருந்து ரங்கா என்பவரின் மின்னஞ்சல் வந்தது. தொழிற்சாலைகளுக்கு இணைய லைன் போட்டுப் பராமரிக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் டெக்னீஷியன். ஒரு தொழிற்சாலையில் இந்தக் கருவியை வைத்து இரவும் பகலுமாக லைனைச் சோதித்திருக்கிறார். பதினெட்டு மணி நேரத்துக்குப் பிறகு ஒரு பதில்கூட வரவில்லை என்று கருவி எழுதிவிட்டது. லைன் அறுந்து கிடக்க இவர் தூங்கிவிட்டார் என்று சொல்லி வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். லைன் அறுந்து போகவே இல்லை மேடம், நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன் என்று எழுதியிருந்தார்.

பிரபா இரண்டு நாள் தேடினாள். கண்டுபிடித்ததும் உத்தமனைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு வரிசை எண். அந்த எண்ணுக்கு, பதினேழு வருடத்துக்கு முன் அவள் ஒதுக்கிய இடத்தில் 65,535 வரைதான் கொள்ளும். அதைத் தாண்டினால் எண் மறுபடி பூஜ்ஜியத்துக்குப் போய்விடும். போனதும், வருகிற பதிலையெல்லாம் பழைய பதில் என்று கருவி ஒதுக்கித் தள்ளி, வரவில்லை என்று எழுதிவிடும். விநாடிக்கு ஒன்று என்றால் அந்த எண்ணைத் தொடப் பதினெட்டு மணி பன்னிரண்டு நிமிடம் ஆகும். யார் அவ்வளவு நேரம் ஓட்டப்போகிறார்கள் என்று அப்போது நினைத்திருக்கிறாள்.

"அவர் தூங்கல. நான்தான் பதினேழு வருஷமா தூங்கிட்டேன்," என்றாள்.

திருத்துவது ஓர் ஆரோக்கியமான ஆளுக்கு ஒரு மாலை நேர வேலை. அவளுக்கு இரண்டரை வாரம் பிடித்தது. வலி மாத்திரை போட்டால் கண் சொக்கும், வரிகள் கலங்கும். அதனால் மாத்திரையைத் தள்ளிப்போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இருபது நிமிடம் எழுதுவாள், பிறகு விழுங்குவாள். க்ளென் எழுதித் தருகிறேன் என்றான். அவளுடன் சேர்ந்து இந்தக் கருவிகளைப் பார்த்துக்கொள்கிறவன், ஃப்ரேசர் டவுன்காரன். என் தப்பு, நானே திருத்தறேன் என்று அவனிடம் சொல்லிவிட்டாள். உத்தமனுக்குக் கோபம் கோபமாக வந்தது. முன்பின் தெரியாத ஒருவருக்காக இவள் ஏன் இப்படி வலியோடு கிடக்க வேண்டும் என்று சமையலறையில் பாத்திரங்களிடம் கத்தியிருக்கிறான்.

வியாழக்கிழமை வேலை முடிந்தது. விநாடிக்கு நூறு தட்டல் என்று வேகமாக ஓட்டிப் பார்த்தாள், பத்து முறையும் சரியாக வந்தது. இது போதும் மேன், வெளியிட்டுவிடலாம் என்றான் க்ளென். அவள் கேட்கவில்லை.

"அவர் விநாடிக்கு ஒண்ணுன்னு ஓட்டினார். அப்படி ஓட்டிப் பாக்காம சரியாயிடுச்சுன்னு எப்படிச் சொல்றது?"

இது உத்தமனுக்குப் புரிந்தது. அவன் லிஃப்ட் மெக்கானிக். எடை ஏற்றி ஓட்டிப் பார்க்காமல் எந்த லிஃப்ட்டிலும் அவன் ஆளை ஏற்றியதில்லை. காலி லிஃப்ட் ஓடுவது ஒரு கணக்கா?

வியாழன் மாலை ஐந்து ஐம்பதுக்கு அவளே கட்டளையைத் தட்டினாள். மறுநாள் பகல் பன்னிரண்டு மணி இரண்டு நிமிடத்துக்கு எண் தாண்டும். மூன்று மணிக்கு ரங்காவுக்குக் கம்பெனியில் விசாரணை, அதற்கு முன் சோதனை முடிவு அவர் கைக்குப் போக வேண்டும்.

"நான் முழிச்சிருந்தா பாத்துக்கறேன். இல்லன்னா நீங்க பாருங்க. இந்த ரெண்டு பட்டனையும் சேத்து அமுக்குங்க, ஓட்டம் நிக்காது, அதுவரைக்கும் உள்ள கணக்கு மட்டும் வரும்," என்று காட்டிக்கொடுத்தாள். அதற்கப்புறம்தான் மாத்திரை போட்டுக்கொண்டாள்.

பெட்டிக்காரர் போனதும் உத்தமன் பால்கனிக்குப் போய் க்ளெனைப் போனில் கூப்பிட்டான். செய்தி அவனுக்குக் காலையிலேயே தெரியும். உத்தமன் வயர் கழன்றதைச் சொன்னான்.

"எத்தனை போச்சு?"

"நாலு."

"ஒண்ணும் பண்ணாதீங்க, ஓடட்டும். கடைசிக் கணக்குல அதே நாலு மட்டும் வந்தா கருவி நெஜத்தச் சொல்லுதுன்னு அர்த்தம். அஞ்சாவது ஒண்ணு வந்தா என்னால கையெழுத்துப் போட முடியாது மேன். பிரபாவும் போட மாட்டா."

அது உண்மைதான் என்று உத்தமனுக்குத் தெரியும். புதிதாக ஆரம்பித்தால் மூன்று மணிக்குள் முடியாது. இருப்பது இந்த ஓர் ஓட்டம்தான்.

ஒன்பதரைக்கு வாணியம்பாடியிலிருந்து பிரபாவின் அண்ணன் நாகேஷும் அவர் மனைவி மரகதமும் வந்தார்கள். நாகேஷ் பெட்டியின் கண்ணாடிமேல் கை வைத்து நின்று அழுதார். மரகதம் பக்கத்து வீட்டுக்குப் போய், வந்தவர்களுக்குக் காபி போட ஆரம்பித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டதும் நாகேஷ் பொறுப்பைக் கையில் எடுத்தார். அவர் அப்படித்தான், கல்யாணமானாலும் சாவானாலும் நேரம் பார்க்கிற ஆள்.

"மாப்ள, இன்னிக்கு வெள்ளி. பத்தரைலேர்ந்து ராகு காலம். அதுக்குள்ள எடுத்துடலாம். எல்லாரும் வந்துட்டாங்க."

"பன்னெண்டுக்கு மேல எடுக்கலாம் மச்சான்."

"எதுக்கு? யாராவது வரணுமா?"

ஓர் எண்ணுக்காகக் காத்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? மின்மயானத்தில் ஒன்றரை மணிக்குத்தான் இடம் கிடைத்திருக்கிறது என்றான். அது பொய்யல்ல. காலையில் மயானத்துக்காரர் பதினொன்றா ஒன்றரையா என்று கேட்டபோது ஒன்றரை என்று சொன்னவன் அவன்தான். நாகேஷ் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

ராகு காலம் மெதுவாகப் போயிற்று. வந்தவர்கள் மாலை போட்டார்கள், அவன் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு கையாக விட்டுவிட்டு அவன் திரையைப் பார்த்தான். அறுபதாயிரம். அறுபத்தோராயிரம். இவன் அழவே இல்லையே என்று நாற்காலிகளில் கிசுகிசுத்தது அவன் காதிலும் விழுந்தது. அழக் கூடாது என்றில்லை. கண்ணீர் வந்தால் எண் தெரியாது, அவ்வளவுதான்.

பதினொன்று ஐம்பதுக்கு உடலைக் குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனான். வாளியோடு திரும்பியபோது மேசைமேல் திரை இருண்டு கிடந்தது. பக்கத்தில் நாகேஷ் நின்றிருந்தார்.

"சாவு வீட்ல என்ன இது ஓடிக்கிட்டே இருக்கு? டிவியெல்லாம் அணைக்கிற மாதிரி அணைச்சிட்டேன்."

வாளி கையிலிருந்து நழுவித் தண்ணீர் கூடமெல்லாம் ஓடியது. உத்தமன் முதலில் வயரைத்தான் தூக்கி நாற்காலியில் போட்டான். பிறகு மேசையடியில் குனிந்தான். கணினிப் பெட்டியின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, விசிறி சுழன்றுகொண்டிருந்தது. அணைந்தது திரை மட்டும். கை நீட்டித் திரையின் பட்டனை அழுத்தினான். வரிகள் வந்தன. 64,870.

எழுந்து நாகேஷைப் பார்த்தான்.

"உங்க தங்கச்சி நேத்து சாயங்காலம் ஆரம்பிச்சது மச்சான் இது. அவ கையால செஞ்ச கடைசி வேல. பன்னெண்டு ரெண்டுக்கு முடியுது. அதுக்குத்தான் நிக்கிறேன். அவ பண்ண தப்புல ஒருத்தர் வேல போற மாதிரி இருக்கு. அத சரி பண்ணாம அவள அனுப்ப மாட்டேன்."

நாகேஷ் திரையையும் ஃப்ரீசர் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு ஊரில் ஆட்டோ உதிரிபாகக் கடை. மீட்டர் சுற்றிப் பூஜ்ஜியத்துக்கு வருவதைப் பார்த்தவர்தான். பழைய கருவியில் எண் எங்கே சுற்றித் திரும்பியது என்று உத்தமன் நான்கு வாக்கியத்தில் விளக்கியதும் புரிந்துகொண்டார்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல மாப்ள," என்றார். பிறகு ஒரு நாற்காலியை மேசையருகே இழுத்துப் போட்டு, யாரும் கிட்டே வராதபடி காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

பெண்கள் உடலைக் குளிப்பாட்டி, பச்சைப் பட்டு கட்டிப் பாடையில் வைத்தார்கள். பன்னிரண்டு அடித்தது. உத்தமன் ஈர வேட்டியோடு மேசைக்கு முன் நின்றான். 65,533. 65,534. 65,535. பழைய கருவி இந்த இடத்தில்தான் திரும்பியது.

65,536. பதில் வந்தது. 65,537. வந்தது. நாகேஷ் வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருந்தார். ஒரு நிமிடம் முழுக்க விட்டு, உத்தமன் அவள் காட்டிய இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்தினான்.

அனுப்பியது 65,600. வந்தது 65,596. வராதது நான்கு. வராதவற்றின் எண்களும் கீழே வரிசையாக இருந்தன, எல்லாம் ஐம்பத்திரண்டாயிரத்து முந்நூற்றுச் சொச்சம், ஒன்றன்பின் ஒன்றாக. பெட்டிக்காரர் இழுத்த நேரம்தான். அவன் அதைப் படமெடுத்து க்ளெனுக்கு அனுப்பினான். கீழே ஒரு வரி எழுதினான்: அந்த நாலும் உண்மை, வயரை மாட்டியது நான்.

உடனே பதில் வந்தது. இதைவிட நல்ல சோதனை நானே நினைத்தாலும் செய்திருக்க முடியாது, வெளியிடுகிறேன், ரங்காவுக்கு இப்போதே அனுப்புகிறேன் என்று. அவன் இணைத்திருந்த வெளியீட்டுக் குறிப்பில், திருத்தியவர் என்ற இடத்தில் பிரபாவின் பெயர் இருந்தது.

இனி நிறுத்திவிடலாம். உத்தமன் விசைப்பலகை மேல் கை வைத்தான். வைத்த கையை எடுத்துக்கொண்டான். இத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தும் அவள் சொல்லிக்கொடுத்தது நிறுத்தாமல் கணக்குக் கேட்க மட்டும்தான். நிறுத்துவதற்கு எந்தப் பட்டன் என்று அவன் கேட்டதே இல்லை. யாரையாவது கேட்டால் சொல்வார்கள். கேட்க மனம் வரவில்லை.

பன்னிரண்டே காலுக்குப் பாடையைத் தூக்கினார்கள். முன்னால் உத்தமனும் நாகேஷும். கூடம் குறுகல், தரையெல்லாம் ஈரம், நாற்காலியிலிருந்து வயர் சரிந்து வழியில் கிடந்தது. உத்தமன் தோளில் பாடையோடு தயங்கினான்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற ஒருவர், யாரும் கேட்காமல் உள்ளே வந்தார். முப்பது முப்பத்தைந்து வயது, இடுப்பில் வயர் வெட்டும் குறடு, கையில் ஒரு முழம் மல்லிகை. குனிந்து வயரின் நடுவைப் பிடித்தார். ரௌட்டர் பக்கம் ஒரு கண், மேசைப் பக்கம் ஒரு கண், இரண்டு முனையும் இழுபடாமல் மெல்லத் தலைக்குமேல் உயர்த்தினார். அப்படிப் பிடிக்க அந்தத் தொழில் தெரிந்தவரால்தான் முடியும்.

"நான் ரங்கா சார், அத்திபெலே. க்ளென் சார் காலைல விஷயத்தச் சொன்னாரு."

"மூணு மணிக்கு விசாரணை இல்ல? போங்க, நேரமாயிடும்."

"போலாம் சார். மேடம் மொதல்ல போகட்டும்."

உத்தமன் தலையைக் குனிந்துகொண்டான். அந்த வயருக்கு அடியில் பாடை போயிற்று, பச்சைப் பட்டு போயிற்று, பின்னால் நடந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசி ஆள் தாண்டும்வரை ரங்கா கையை இறக்கவில்லை. மேசைமேல் வரிகள் ஏறிக்கொண்டிருந்தன. அவர் திரையைப் பார்த்தபடியே வயரை மெதுவாக, முன்பு கிடந்த இடத்தில், தரையில் வைத்தார்.