பொம்மைப் பெட்டியில் கஞ்சிப்பாசி

தேங்காய் வாங்கி, ரேஷன் கடையிலும் நின்றுவிட்டு வருவதற்குள், வைத்துவிட்டுப் போன மூட்டையைக் காணோம். கொட்டகை வாசலில் வெறும் சாக்குதான் சுருண்டு கிடந்தது. என் மகன் சேரன், பீங்கான் பொம்மைகளை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"டேய், இங்க இருந்த மூட்ட எங்கடா?"

"அந்தப் பழைய வைக்கோலா? பொம்மைக்கு நடுவுல திணிச்சி அனுப்பிட்டேம்மா. நல்லா மெத்துன்னு இருந்திச்சி."

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ! "அது வைக்கோல் இல்லடா பாவி! உம் பொண்டாட்டிக்கு அவ அம்மா அனுப்பிச்ச கடல்பாசி!"

மருமகள் அன்புக்கரசி பாம்பன் பக்கத்துப் பெண். மசக்கை. சோறு, இட்லி, மோர், எது உள்ளே போனாலும் உடனே வெளியே வந்துவிடுகிறது. கன்னம் ஒட்டிப்போய்விட்டது. கஞ்சிப்பாசி போட்ட கஞ்சி கிடைத்தால் குடிப்பேன் என்று அது ஒன்றைத்தான் கேட்டாள். அவள் அம்மா வீராயி பாறை கிழிக்காமல் விரலில் துணி சுற்றிக்கொண்டு கடலில் முங்கிப் பறித்து, வெளுக்க வெளுக்கக் காயப்போட்டு, ராமேஸ்வரம் ரயிலில் வந்த ஆளிடம் கொடுத்தனுப்பியது. விடியலில் நானே ஜங்ஷனுக்குப் போய் வாங்கி வந்தேன். இவன் ஒரு வார்த்தை கேட்டானா? கடல் வாடை அப்படி வீசுகிறதே, மூக்கை எங்கே கழற்றி வைத்திருந்தான்?

"போனப் போட்டு லாரிய நிறுத்துடா!"

"எடுக்க மாட்றாம்மா. வேப்பூரே தாண்டியிருப்பான்."

"பெத்தேன் பாரு உன்ன!"

லாரியில் இடம் போதாமல் ஒரு பெட்டி மட்டும் நின்றுபோயிருந்தது. அதைப் பிரித்து, குதிரைப் பொம்மைகளின் கால் இடுக்கிலிருந்து இழை இழையாக உருவினேன். இரண்டு கைப்பிடி தேறியது. மண் தூசி போக அலசி அலசி ஊறவைத்து, நொய்யரிசியோடு காய்ச்சி, வெல்லமும் தேங்காய்ப்பாலும் ஊற்றினேன். எல்லாம் மருமகள் சொன்ன பக்குவம்தான். வாயில் வைத்தே அறியாததை எப்படிச் சரிபார்ப்பது? கண்ணை மூடிக்கொண்டு ஒரு கரண்டி விட்டுக்கொண்டேன். ஐய, வழவழவென்று நாக்கில் நழுவியது. துப்பத்தான் தோன்றியது. அப்புறம் லேசாக ஓர் உப்பு, பின்னாலேயே வெல்லம். பரவாயில்லையே என்று மறுபடி நீண்ட கையை இழுத்துக்கொண்டேன். இருப்பதே ஒரு கிண்ணம்.

"நீயும் நக்கிப் பாருடா, வைக்கோல் எப்படி இருக்குதுன்னு."

நக்கினான். முகம் தொங்கிப்போயிற்று. "நல்லாத்தாம்மா இருக்குது" என்றான். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அன்புக்கரசி சுவரில் சாய்ந்து மெதுவாகக் குடித்தாள். வாளியைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வாளிக்கு வேலை வரவில்லை. கிண்ணத்தை விரலால் வழித்துத் தின்றாள்.

"எங்கம்மா வச்ச மாதிரியே இருக்கு அத்த. நாளைக்கும் இதையே வைங்க. மூட்டையில நெறைய இருக்குல்ல?"

பதில் வாய் வரைக்கும் வந்தது. நான் ஏன் சொல்ல வேண்டும்?

"கேக்குறா பாரு. நீயே சொல்லு" என்று சேரனைப் பார்த்தேன்.

அவன் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. சட்டையில் ஒட்டியிருந்த வெளுத்த இழை ஒன்றைப் பிய்த்து, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றான்.