நழுவிய சுத்தியல்

முதல் அடி தாடையில் விழுந்தது. எலும்பு உடைந்த சத்தம் அடித்தவனுக்கே கேட்டது. இரண்டாவது அடி தோளில். மூன்றாவது எங்கே விழுந்தது என்று அடித்தவனுக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. கிடங்கின் சிமெண்ட் தரையில் ரத்தத்தோடு பல் கிடந்தது. கீழே விழுந்த மனிதர் ஊர்ந்து வந்து அவன் காலைக் கட்டிக்கொண்டார். "இயேசுவோட நாமத்துல கேக்குறேன், விட்டுடு" என்று கெஞ்சினார். அந்த நாமம் காதில் விழுந்ததுதான் தாமதம், கிடங்குக்குள் வெளிச்சம் பாய்ந்தது. ஓங்கிய கையிலிருந்து சுத்தியல் நழுவி விழுந்தது.

"நானா விடல, சபையாரே" என்று அவன் மைக்கில் சொல்லி நிறுத்தினான். எங்கே நிறுத்த வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். "என் கையைத் தட்டிவிட்டது கர்த்தர்."

சபை எழுந்து நின்று அல்லேலூயா போட்டது. முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். போதகர் ஓடிவந்து அவன் வலது கையைப் பிடித்து உயர்த்தி எல்லாருக்கும் காட்டினார். குத்துச்சண்டையில் ஜெயித்தவன் கையைத் தூக்கிக் காட்டுவார்களே, அப்படி.

அவனுக்குச் 'சுத்தி' என்று பெயர் வந்தது அடியாளாக இருந்த காலத்தில். மற்றவர்கள் கத்தி, கம்பு என்று அலைய, இவன் மட்டும் இடுப்பில் சுத்தியலோடு திரிவான். சுமை தூக்குகிறவர்களின் சங்கத்துக்குத் தலைவராக ஒருவர் இருந்தார். அவர் வேலைநிறுத்தம் என்று வாயைத் திறந்தார். கிடங்கு முதலாளி அந்த வாயை மூடச் சொல்லி இவனை அனுப்பினான். இவன் மூடிவிட்டு ஜெயிலுக்குப் போனான். வெளியே வந்தது ஞானஸ்நானம் வாங்கிய மனிதன். இப்போது பட்டறையில் நசுங்கிய கார்களைத் தட்டி நிமிர்த்துகிற வேலை. அதற்கும் சுத்தியல்தான். சபையில் மட்டும் 'சாட்சி பிரதர்'.

இதெல்லாம் சரி. ஆனால் மேடையேறிச் சொல்கிற அந்தச் சாட்சி இருக்கிறதே, அது பிறந்தபோது இந்த உருவத்தில் இல்லை. முதல் தடவை சொன்னபோது அவன் நடந்ததை நடந்தபடி சொன்னான். ஜனங்கள் கொட்டாவி விட்டார்கள். ஒரு கிழவர் நடுவில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். அடுத்த தடவை இயேசுவின் நாமத்தைச் சேர்த்தான், யாரோ விசும்பினார்கள். அதற்கடுத்து காலைப் பிடித்ததைச் சேர்த்தான். பிறகு வெளிச்சம். பிறகு சுத்தியல் நழுவியது. கண்ணும் மூக்கும் வைத்த பிறகு கதை தன் காலிலேயே நடந்து வெளியூர்க் கூட்டங்களுக்கெல்லாம் போனது. கூடவே அவனும் போனான். பொய் சொல்கிறோம் என்று அவனுக்குத் தோன்றவில்லை. ஆண்டவருக்காகக் கொஞ்சம் உப்புக்காரம் போடுவதில் என்ன தப்பு என்றுதான் தோன்றியது.

அந்தச் சாட்சியைக் கேட்டுத்தான் அவன் மனைவியும் திரும்பி வந்தாள். ஜெயிலுக்குப் போவதற்கு முன்பே, இவன் அடித்து மணிக்கட்டு உடைந்து தாய் வீட்டுக்குப் போனவள் அவள். யாரோ இழுத்துக்கொண்டு வந்து கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். முடிந்ததும் அவன் எதிரே வந்து நின்றாள்.

"கர்த்தரே தட்டிவிட்ட கைன்னா வரேன்" என்றாள். "உங்களை நம்பி வரல. அதை நம்பி வரேன்."

அவன் தலையாட்டினான். வேறென்ன செய்வான்? அதற்குப் பிறகு எத்தனையோ நாள் சாப்பிட உட்காரும்போது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பான். தட்டு வைக்கிற அவள் கையில் எலும்பு கோணலாகச் சேர்ந்திருக்கும். அதைப் பார்த்ததும் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைவான். சொன்னால் போய்விடுவாள். அவள் போனால் அவனிடம் மிச்சம் இருப்பது பழைய சுத்திதான்.

இந்த ஞாயிற்றுக்கிழமைச் சாட்சியை யாரோ போனில் படம் பிடித்துப் போட்டுவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் அது ஊரைச் சுற்றிவிட்டது.

மறுநாள் மதியம் பட்டறையில் அவன் ஒரு காரின் கதவுக்கு உள்ளே இரும்புக் கட்டையைக் கொடுத்து வெளியே தட்டிக்கொண்டிருந்தான். கதவு நெளிந்து நெளிந்து சொன்னபடி கேட்டது. பட்டறை முதலாளி கண்ணாடி அறைக்குள் போனில் பேசிக்கொண்டிருந்தார். அவர் சபையில் மூப்பரும்கூட.

"சுத்திங்கறது நீதானா?"

திரும்பினான். வாட்டசாட்டமான ஒரு இளைஞன், கையில் தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற இரும்புக் குழாய். அந்த முகத்தைப் பார்த்ததும் யார் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. உடைவதற்கு முன்னால் சங்கத் தலைவருக்கு இருந்த அதே தாடை.

"எங்கப்பா உன் காலைப் பிடிச்சாரா?"

இவன் வாயைத் திறப்பதற்குள் குழாய் இடது தோளில் இறங்கியது. காறை எலும்பு முறிந்தது. கார் மேலேயே சாய்ந்தான். அடுத்தது விலாவில். அதற்கடுத்தது தொடையில். மூச்சு உள்ளே போகமாட்டேன் என்றது.

"நான் வேலை பாக்குற லேத் பட்டறையில உன் வீடியோவை ஓட்டிக் காட்டுறானுங்கடா. 'உங்கப்பன் தவழ்ந்து வந்தானாமே'ன்னு சிரிக்கிறானுங்க. அவர் இன்னிக்கும் கஞ்சியைக் குழல்லதான் உறிஞ்சுறாரு. அது பத்தாதா உனக்கு?"

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு அடி. நம்ம ஆள் கையை ஓங்கவில்லை. தரையில் மண்டியிட்டு, தலையைக் குனிந்து, வாங்கிக்கொண்டான். வாங்கும்போது அவனுக்குள் என்ன ஓடியது தெரியுமா? சொன்னால் கேவலம். ஓடியது அடுத்த ஞாயிறு. 'அடிச்சான், சபையாரே. நான் மறு கன்னத்தைக் காட்டினேன்.' எங்கே நிறுத்துவது, எங்கே குரலை இறக்குவது என்று மனசு ஒத்திகை பார்த்தது. விலா எலும்பு உடைகிற நேரத்தில்கூட மேடை ஏறுகிற மனசு! நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பது சும்மாவா?

அப்போது குழாய் வாயில் விழுந்தது. உதடு கிழிந்து, ரத்தம் தொண்டைக்குள் உப்பாக இறங்கியது. அந்த ருசியில் எல்லாம் போயிற்று. சாட்சி போயிற்று, சபை போயிற்று, ஞானஸ்நானம் போயிற்று. எப்படி எழுந்தான் என்று அவனுக்கே தெரியாது. இளைஞனின் முழங்காலில் உதைத்தான். விழுந்தவனின் தலையைப் பிடித்துக் காரின் சக்கரத்தில் மோதினான், ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை. காதிலிருந்து ரத்தம் வழிந்தது. நெஞ்சின் மேல் முழங்காலை ஊன்றி உட்கார்ந்தான். வலது கை சுத்தியலைத் தானாகத் தேடி எடுத்து ஓங்கியது.

கை லேசாக இருந்தது. சந்தோஷமாகக்கூட இருந்தது. இத்தனை வருஷமும் எங்கேயோ போயிருந்த சொந்தக்காரன் வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது.

கீழே கிடந்தவன் திமிறுவதை நிறுத்திவிட்டான். கண்ணை மூடிக்கொண்டான். தாடை நடுங்கியது.

சுத்தியல் மேலேயே நின்றது. இப்போது கர்த்தர் தட்டிவிட வேண்டும். மேடையில் எத்தனை தடவை தட்டிவிட்டார்! அவன் காத்திருந்தான். ஆண்டவரே தட்டிவிடும், ஆண்டவரே தட்டிவிடும் என்று உள்ளே கதறினான். வெளிச்சம் வரவில்லை. ஓட்டுக்கு மேலே ஒரு காக்கா நடந்தது. யாரும் அவன் கையைத் தொடவில்லை. கை வலிக்கவும் இல்லை. அடி, அடி என்று அது பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவனுக்குப் பயம் வந்தது. வாழ்நாளில் அப்படி ஒரு பயம் அவனுக்கு வந்ததில்லை. இறக்கினால் தான்தான் இறக்க வேண்டும், வேறு ஆள் வரப்போவதில்லை.

கையை மெல்ல இறக்கினான். சுத்தியலைத் தரையில் வைத்தான். விரல்கள் பிடியை விட மறுத்தன, ஒவ்வொன்றாகத்தான் பிரிக்க வேண்டியிருந்தது. இளைஞனின் நெஞ்சிலிருந்து இறங்கிப் பக்கத்திலேயே சரிந்தான்.

நிமிர்ந்து பார்த்தால் வாசலில் இரண்டு பேர். ஒருத்தி சாப்பாட்டுக் கேரியரோடு அவன் மனைவி. இன்னொருவர் மகனைத் தேடி மூச்சிரைக்க ஓடி வந்த சங்கத் தலைவர். முகத்தின் ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது. எவ்வளவு பார்த்தார்களோ தெரியவில்லை, சுத்தியல் ஓங்கியதைப் பார்த்துவிட்டார்கள் என்பது மட்டும் அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

கண்ணாடி அறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு பதுங்கியிருந்த முதலாளி இப்போது வெளியே வந்தார்.

"பாத்தியாம்மா?" என்றார் அவளிடம். குரல் தழுதழுத்தது. "ரெண்டாவது தடவையும் கர்த்தர் தட்டிவிட்டுட்டார். என் கண்ணாலேயே பாத்தேன். அல்லேலூயா."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அவன் ஒரு வார்த்தை சொல்லத் தேவையில்லை. சும்மா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தால் போதும், மனைவி நம்பிவிடுவாள், அடுத்த ஞாயிறு சபை இரண்டு மடங்காக எழுந்து நிற்கும்.

இளைஞன் தட்டுத் தடுமாறி உட்கார்ந்தான். அப்பாவைப் பார்த்ததும் சின்னப் பிள்ளைபோல் அழுதான்.

"பிடிச்சியாப்பா? நீ சொல்லு. இவன் காலைப் பிடிச்சியா?"

அவருக்குப் பேச்சு குழறியே வரும். நிதானமாகச் சொன்னார். "நான் சொன்னா வீம்புக்குச் சொல்றேன்னுவாங்க. அவனையே கேளு."

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை, மனைவியை மட்டும் பார்த்தான். வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினான்.

"பிடிக்கல" என்றான். "உங்கப்பா என் காலைப் பிடிக்கல தம்பி. கெஞ்சல. எந்த நாமத்தையும் சொல்லல. கடைசி வரைக்கும் என் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தாரு. எனக்கு அதான் பொறுக்கல. அதனாலதான் இன்னும் அடிச்சேன்."

"அப்புறம் ஏன் விட்ட?" என்று கேட்டது அவன் மனைவி.

"கை வலிச்சுது."



"வெளிச்சமும் வரல, ஒண்ணும் வரல. கை வலிச்சுது, விட்டேன். போய் டீ குடிச்சேன். சுத்தியலைக் கழுவிட்டுத்தான் குடிச்சேன். ஜெயில்ல ஒரு நாள் பக்கத்துக் கொட்டடியில ஒருத்தனை அடிச்சாங்க. அந்தச் சத்தத்துல சாப்பாடு இறங்கல. வாந்தி எடுத்தேன். எடுத்துட்டு, ஆண்டவரே நான் என்ன ஜென்மம்னு அழுதேன். அவ்வளவுதாங்க எனக்கு நடந்தது. அதைச் சொன்னா யாரும் அழ மாட்டேங்கறாங்க. அதான் இவர் மானத்தை எடுத்து ஒட்டவெச்சேன். அண்ணே, உங்களை ஒரு தடவைதான் கிடங்குல அடிச்சேன். மத்ததெல்லாம் மேடையில அடிச்சேன்."

சங்கத் தலைவர் மகனின் கையைப் பிடித்துத் தூக்கினார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மன்னிக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

"கேட்டுக்கிட்டியா?" என்றார் மகனிடம். "வா, டாக்டர்கிட்ட காதைக் காட்டிட்டு வருவோம்."

அவர்கள் போனார்கள். முதலாளி மறுபடி கண்ணாடி அறைக்குள் போய்விட்டார்.

அவள் இன்னும் வாசலிலேயே நின்றாள். "சரி, அன்னிக்குக் கை வலிச்சுது. இன்னிக்கு?"

பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதை விழுங்கினான். உடைந்த விலாவைவிட அது அதிகமாக வலித்தது.

"இன்னிக்கு வலிக்கல. யாரும் தட்டிவிடவும் இல்ல. அடிக்கணும்னுதான் இருந்துச்சு, இப்பவும் கொஞ்சம் இருக்கு. நானே கீழ வெச்சேன். நாளைக்கு வெப்பேனான்னு கேக்காத, தெரியல. நீ போறதுன்னா போ. நான் தடுக்க மாட்டேன்."

அவள் கேரியரைக் கீழே வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை இதையே மைக்குல சொல்லுங்க" என்றாள். "சுத்தியலைக் கழுவினது, டீ குடிச்சது, எல்லாத்தையும். யாரும் கை தட்ட மாட்டாங்க. எழுந்து போவாங்க. சொல்லிட்டு இறங்கி வாங்க. நான் இருக்கறதா போறதான்னு அப்புறம் பாக்கலாம்."

"சொல்றேன்."

"இப்ப ஆஸ்பத்திரிக்கு எழுந்திரிங்க."

இடது தோள் தொங்கிப்போயிருந்தது. பிடித்துத் தூக்குவதற்கு வலது கை ஒன்றுதான் மிச்சம். கர்த்தர் தட்டிவிட்ட கை என்று நம்பியிருந்த இத்தனை நாளும் அவள் அந்தக் கையைத் தானாகத் தொட்டதே இல்லை. குனிந்து, அதைப் பிடித்தாள்.